முகவரியை வலமிருந்து படியுங்கள்

கிளை நூலகத்தில் மாலை வேளைகளில் கணினி பழக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கு விண்ணப்பிக்க வரும் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. ஓய்வூதியத்துக்கு வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க வரும் பெரியவர்களும் உண்டு. போனில் படம் அனுப்பவும் பணம் அனுப்பவும் எல்லோருக்கும் தெரிகிறது. ஆனால் ஒரு முகவரியைக் காட்டி, “இது யாருடையது?” என்று கேட்டால் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை நம்பித்தான் மோசடிக்காரர்கள் பிழைக்கிறார்கள். முகவரி படிப்பது பெரிய வித்தை இல்லை. கவனமாக உட்கார்ந்தால் ஒரே மாலையில் வந்துவிடும்.

ஒரு சொல் முன்கூட்டியே. ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டிய முகவரிகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுக்கு அடிக்கடி ‘எக்ஸாம்பிள்.காம்’ என்று வரும். அந்தப் பெயரை யாரும் வாங்க முடியாது. பாடம் நடத்துகிறவர்கள் பயன்படுத்துவதற்கென்றே 1999இல் ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.

1. மின்னஞ்சல் முகவரி வேறு, இணையதள முகவரி வேறு. முகவரிக்குள் @ குறி இருந்தால் அது ஓர் ஆளுக்கோ அலுவலகத்துக்கோ அஞ்சல் போடும் முகவரி. அந்தக் குறி இல்லாமல் புள்ளிகள் மட்டும் இருந்தால் அது போய்ப் பார்க்க வேண்டிய இடம். மின்னஞ்சல் முகவரிக்கு முன்னால் ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ’ சேர்க்காதீர்கள். விண்ணப்பப் படிவங்களில் இந்தத் தவறு நிறைய வருகிறது. அதன்பிறகு தேர்வாணையம் அனுப்பும் கடிதம் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பதே இல்லை.

2. @ குறியின் இரு பக்கங்களையும் தனித்தனியே பாருங்கள். இடப்பக்கம் இருப்பது ஆளின் பெயர், வலப்பக்கம் இருப்பது அவருடைய அஞ்சலை வாங்கி வைக்கும் இடத்தின் பெயர்.

இந்தக் குறியை இந்த வேலைக்கு எடுத்தவர் ரே டாம்லின்சன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் என்ற நிறுவனத்தில் பொறியாளராக இருந்தார். 1971 வரை ஒரு கணினியைப் பயன்படுத்துகிறவர், அதே கணினியைப் பயன்படுத்தும் இன்னொருவருக்கு மட்டுமே செய்தி விட்டுவைக்க முடிந்தது. வேறொரு கணினியில் இருப்பவருக்கு அனுப்ப வேண்டுமென்றால் ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட ஏதாவது ஒரு குறி வேண்டும். யாருடைய பெயரிலும் வராத குறியாக இருக்க வேண்டும். தட்டச்சுப் பலகையில் அப்படிச் சும்மா கிடந்தது இது. அவர் சோதித்துப் பார்த்த இரண்டு கணினிகளும் அருகருகே நின்றவை. ஆனாலும் செய்தி அன்றைய ஆர்பாநெட் வலையமைப்பின் வழியாகத்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போயிற்று.

இதில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதுதான்: இடப்பக்கப் பெயரை, வலப்பக்கம் சொல்லப்பட்ட இடம் மட்டுமே படிக்கும். வழியில் இருக்கும் எந்தக் கணினிக்கும் அது தேவையில்லை. ஆகவே ஜிமெயிலில் இருக்கும் குமார் வேறு, யாஹூவில் இருக்கும் குமார் வேறு. “என் ஐ.டி. குமார் நூற்றிரண்டு” என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதி முகவரிதான் சொல்லியிருக்கிறீர்கள்.

3. இடத்தின் பெயரை வலமிருந்து இடமாகப் படியுங்கள். நான் சொல்லப்போகிறவற்றில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆர்.எம்.எஸ். என்ற ரயில்வே அஞ்சல் சேவையில் தபால் பிரித்தவன். ஓடுகிற ரயிலில் ஒரு உறையைக் கையில் எடுத்தால் மேலே எழுதியிருக்கும் பெயரை நாங்கள் பார்ப்பதில்லை. கண் கடைசி வரிக்குத்தான் போகும். 1972 ஆகஸ்ட் 15இல் பின்கோடு வந்தபிறகு அது இன்னும் எளிதாயிற்று. 6இல் தொடங்கினால் தமிழ்நாடு, கேரளப் பக்கம்; அடுத்த எண்கள் எந்த வட்டாரம், எந்த அஞ்சலகம் என்று சொல்லிவிடும். தெருவும் வீடும் பெயரும் கடைசியாகத் தபால்காரருக்கு. பெரிய இடத்திலிருந்து சிறிய இடத்துக்கு இறங்கி வருவதுதான் முறை. இணைய முகவரியில் பெரிய இடம் வலக்கோடியில் இருக்கிறது.

தேர்வாணையத்தின் முகவரியை எடுத்துக்கொள்வோம்: டபிள்யூடபிள்யூடபிள்யூ.டிஎன்பிஎஸ்சி.கவ்.இன். வலக்கோடியில் ‘இன்’, அதாவது இந்தியா. அதற்கு இடப்பக்கம் ‘கவ்’, ஜி, ஓ, வி என்ற மூன்று எழுத்து. இந்தியாவுக்குள் அரசு அமைப்புகளுக்கு மட்டும் கொடுக்கப்படும் பகுதி. அதற்குள் ‘டிஎன்பிஎஸ்சி’. அதற்கும் இடப்பக்கம் இருக்கும் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ’ தேர்வாணையமே தன் கணினிக்கு வைத்துக்கொண்ட பெயர். ஒவ்வொரு புள்ளியிலும் வலப்பக்கம் இருப்பவர்தான் இடப்பக்கம் இருப்பவருக்குப் பெயர் கொடுக்கிறார்.

இப்படி அமைந்ததற்குக் காரணம் உண்டு. 1980களின் தொடக்கம் வரை வலையமைப்பில் இருந்த கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு கணினி சேர்ந்தால் அவர்களிடம் சொல்லிச் சேர்க்க வேண்டும். மற்ற எல்லாக் கணினிகளும் அந்தக் கோப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். கணினிகள் பெருகப் பெருக அது கட்டுக்கடங்காமல் போயிற்று. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த ஏற்பாடுதான் இன்று நாம் டி.என்.எஸ். என்று சொல்வது. ஒரே இடத்தில் பட்டியல் வைக்காமல், அவரவர் பகுதிக்கு அவரவர் பொறுப்பு என்று பிரித்துக் கொடுத்தார். உலகம் முழுவதும் இன்று கோடிக்கணக்கான பெயர்கள் குழம்பாமல் இருப்பது இந்தப் பொறுப்புப் பகிர்வால்தான். எனக்கு இதன்மேல் பெரிய மரியாதை உண்டு.

இதே ஏற்பாட்டில்தான் ஏமாற்றவும் வழி இருக்கிறது. ஒரு பெயரை வாங்கியவர் அதற்கு இடப்பக்கம் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம். யாரிடமும் கேட்க வேண்டாம், காசும் கொடுக்க வேண்டாம்.

4. ஆகவே பயிற்சி செய்யுங்கள். முகவரியின் தொடக்கத்தில் ‘எச்டிடிபிஎஸ்’ என்று வந்து ஒரு முக்கால்புள்ளியும் இரண்டு சாய்கோடுகளும் இருக்கும். அந்த இரட்டைக் கோட்டைத் தாண்டியபின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் விரலை வையுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாக நகருங்கள். முதலில் என்ன வருகிறது, அடுத்த புள்ளிக்கு இடப்பக்கம் என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். (வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயே 2009இல் அந்த இரட்டைச் சாய்கோடு உண்மையில் தேவைப்பட்டிருக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். இருந்தாலும் நமக்கு அது ஒரு நல்ல அடையாளம்.)

முதல் கணக்கு: டிஎன்பிஎஸ்சி.கவ்.இன்.எக்ஸாம்பிள்.காம். இடமிருந்து படித்தால் தேர்வாணையம். வலமிருந்து படித்தால் ‘காம்’, அதற்குள் ‘எக்ஸாம்பிள்’. இடத்துக்குச் சொந்தக்காரர் எக்ஸாம்பிள்.காம். அதற்கு இடப்பக்கம் இருப்பதெல்லாம் அவர் எழுதி ஒட்டியது.

இரண்டாவது: டிஎன்பிஎஸ்சி-கவ்.இன். இங்கே ‘கவ்’வுக்கு முன்னால் இருப்பது புள்ளி அல்ல, சிறுகோடு. சிறுகோடு எதையும் பிரிக்காது. புள்ளி மட்டுமே பிரிக்கும். எனவே ‘டிஎன்பிஎஸ்சி-கவ்’ என்பது மொத்தமாக ஒரே பெயர். அதை எந்தத் தனி ஆளும் சில நூறு ரூபாய்க்குப் பதிவு செய்யலாம். அரசின் பகுதிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

மூன்றாவது: எக்ஸாம்பிள்.காம்/டிஎன்பிஎஸ்சி.கவ்.இன். ஒற்றைச் சாய்கோட்டுக்கு வலப்பக்கம் வருவது அந்தத் தளத்துக்குள் இருக்கும் ஒரு பக்கத்தின் பெயர். அங்கே யாருடைய பெயரையும் எழுதலாம். அதைப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

நான்காவது கொஞ்சம் கடினம்: டிஎன்பிஎஸ்சி.கவ்.இன்@எக்ஸாம்பிள்.காம் என்று ஒரு லிங்க் வருகிறது. இணையதள லிங்க்கில் @ குறிக்கு முன்னால் இருப்பது பயனர் பெயராக மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும். போய்ச் சேரும் இடம் அதற்கு வலப்பக்கம் இருப்பதுதான். இணையதள லிங்க்குக்குள், சாய்கோடு வருவதற்கு முன்பே இந்தக் குறியைக் கண்டால் தொடாதீர்கள்.

ஐந்தாவதற்குக் கண் வேண்டும். ஆங்கிலத்தில் ஆர், என் என்ற இரண்டு சிறிய எழுத்துகளையும் ஒட்டி எழுதினால் எம் போலத் தெரியும். பெரிய ஐ, சிறிய எல், எண் 1 மூன்றும் சில எழுத்துருக்களில் ஒன்றுபோல இருக்கும். பூஜ்யமும் ஓவும் அப்படியே. 2017இல் ஓர் ஆய்வாளர் ரஷ்ய மொழி எழுதப்படும் சிரிலிக் எழுத்துகளை வைத்து ஆப்பிள் நிறுவனத்தின் பெயரைப் போலவே தோன்றும் முகவரி ஒன்றைப் பதிவு செய்து, பிரவுசர்கள் அதை வித்தியாசம் தெரியாமல் காட்டுவதை நிரூபித்தார். அதன்பிறகு சில பிரவுசர்களைத் திருத்தினார்கள். இப்படிப்பட்ட ஏமாற்றைக் கண்ணால் மட்டும் பிடிக்க முடியாது. பணம், ஆதார், தேர்வு போன்ற முக்கியமான இடங்களுக்கு லிங்க்கைத் தட்டிப் போகாமல், முகவரியை நீங்களே அடித்துப் போவதுதான் வழி.

போனில் முகவரி முழுதாகத் தெரியாது, வெட்டித்தான் காட்டும். முகவரிப் பட்டையைத் தொட்டு முழுவதையும் பாருங்கள். செய்தியில் வந்த லிங்க்கைத் தட்டுவதற்கு முன் விரலை அதன்மேல் அழுத்தி வைத்திருந்தால் உண்மையான முகவரி பெரும்பாலும் மேலெழுந்து வரும்.

5. வலக்கோடியில் வரும் சொற்களைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். இரண்டு எழுத்தாக இருந்தால் பெரும்பாலும் நாடு. இந்தியாவுக்கு ‘இன்’, இலங்கைக்கு எல், கே. சிங்கப்பூருக்கு எஸ், ஜி. மலேசியாவுக்கு எம், ஒய். இந்த நான்கு நாடுகளிலும் அரசுத் தளங்கள், நாட்டு எழுத்துக்கு முன்னால் ‘கவ்’ வைத்துக்கொள்கின்றன. வருமான வரி, ஆதார், பாஸ்போர்ட், பட்டா என்று அரசு வேலை எதுவானாலும் முகவரி ‘.கவ்.இன்’ என்று முடிகிறதா என்று முதலில் பாருங்கள். ஆனால் ரயில் டிக்கெட் போடும் ஐ.ஆர்.சி.டி.சி. ‘.கோ.இன்’ என்று முடியும். அது அரசுக்குப் பெரும்பங்கு உள்ள நிறுவனம் என்பதால் அப்படி.

வங்கிகளுக்கு இப்போது நல்ல காலம் வந்திருக்கிறது. இந்தியாவில் இயங்கும் வங்கிகள் ‘.பேங்க்.இன்’ என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அந்த ஆண்டு ஏப்ரலில் உத்தரவிட்டது. வங்கி அல்லாதவர் அந்த முடிவோடு பெயர் வாங்க முடியாது. வலமிருந்து படிக்கப் பழகியவருக்கு இது பெரிய பாதுகாப்பு. இடமிருந்து படிக்கிறவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.

முடிவெழுத்தில் ஓர் எழுத்து விட்டால் என்ன ஆகும்? ‘காம்’ என்பதில் ஓ விட்டுப்போனால் நீங்கள் கேமரூன் நாட்டுப் பகுதிக்குப் போய்விடுவீர்கள். அமெரிக்க ராணுவத்தின் முகவரிகள் எம், ஐ, எல் என்று முடியும். அவசரத்தில் நடுவில் இருக்கும் ஐயை விட்டுவிட்டால் அது எம், எல். மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாடு. ஆண்டுக்கணக்காக இப்படி அஞ்சல்கள் மாலிக்குப் போய்க்கொண்டிருந்தன என்று 2023 ஜூலையில் தெரிய வந்தது. மாலியின் பெயர்ப் பகுதியை ஒப்பந்தத்தில் நிர்வகித்து வந்த டச்சுக்காரர் அந்த ஒரே ஆண்டில் லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சல்களைச் சேர்த்து வைத்துக் காட்டினார். அவற்றில் மருத்துவக் குறிப்புகளும் பயண விவரங்களும் இருந்தன. அனுப்பியவர்கள் படித்தவர்கள், பயிற்சி பெற்றவர்கள். எனவே நீங்கள் மெதுவாக அடிப்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

6. பெயருக்குப் பின்னால் ஓர் எண் இருக்கிறது. கணினிகள் ஒன்றையொன்று எண்ணால்தான் கண்டுபிடிக்கின்றன. அதை ஐ.பி. முகவரி என்பார்கள். 0 முதல் 255 வரையிலான நான்கு எண்கள், நடுவில் புள்ளிகள். இப்படி மொத்தம் 429 கோடிச் சொச்சம் முகவரிகள்தான் கிடைக்கும். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோயிற்று. இதற்குப் பதிலாக வந்த ஆறாம் பதிப்பு முகவரி மிக நீளம். எண்ணோடு எழுத்தும் கலந்து வரும். அதைப் பார்த்தால் பயப்படாதீர்கள், நீங்கள் அதை அடிக்க வேண்டியதே வராது.

நீங்கள் ஒரு பெயரை அடித்தவுடன் உங்கள் போன், இணைப்பு கொடுக்கும் நிறுவனத்தின் கணினியைக் கேட்கும். அதற்கு விடை தெரியாவிட்டால் மூலக் கணினிகளிடம் போகும். ஏ முதல் எம் வரை 13 பெயர்களில் அவை இருக்கின்றன. மூலம் ‘இன்’ பகுதியைக் காட்டும், ‘இன்’ ‘கவ்’வைக் காட்டும், ‘கவ்’ தேர்வாணையத்தைக் காட்டும். நான் சொன்ன அதே வலமிருந்து இடம். எல்லாம் ஒரு நொடிக்குள் நடந்துவிடும். மின்னஞ்சலுக்கும் இதே வழிதான். கேள்வி மட்டும் மாறும்: ‘இந்தப் பெயருக்கு வரும் அஞ்சலை எந்தக் கணினி வாங்கிக்கொள்கிறது?’

தளம் கிடைக்கவில்லை என்று வந்தால் நெட்வொர்க்கைத் திட்டுவதற்கு முன் பெயரின் எழுத்துகளைச் சரிபாருங்கள்.

7. திரும்பி வந்த அஞ்சலைப் படிக்காமல் அழிக்காதீர்கள். ‘மெயிலர் டீமன்’ அல்லது ‘மெயில் டெலிவரி சப்சிஸ்டம்’ என்ற பெயரில் ஒரு கடிதம் வரும். பலர் அதை வைரஸ் என்று நினைத்து நீக்கிவிடுகிறார்கள். அது நீங்கள் போட்ட அஞ்சல் போகவில்லை என்ற தகவல். காரணமும் உள்ளேயே இருக்கும். 550 என்ற எண்ணோடு அப்படி ஒரு பயனர் இல்லை என்று இருந்தால் @ குறிக்கு இடப்பக்கம் தவறு. அந்தப் பெயரில் ஓர் இடமே இல்லை என்று வந்தால் வலப்பக்கம் தவறு. பெட்டி நிறைந்துவிட்டது என்றால் முகவரி சரி. பெறுகிறவரிடம் சொல்லி இடம் ஒழிக்கச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பாத அஞ்சலுக்கு இப்படி ஒரு கடிதம் வந்து, அதில் ஏதாவது லிங்க்கைத் தட்டச் சொன்னால் மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

தபாலில் தெருப்பெயர் பிழையாக இருந்தாலும் ஊர்த் தபால்காரர் ஆளைத் தெரிந்து கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். இங்கே அந்தக் கருணை இல்லை. ஓர் எழுத்து தவறினால் திரும்பி வரும். அந்தத் தவறான பெயரில் உண்மையிலேயே ஒருவர் இருந்துவிட்டால் திரும்பிக்கூட வராது. உங்கள் சான்றிதழ் நகல் அவரிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

8. பெயர் தேர்ந்தெடுக்கும்போது, போனில் ஒருவருக்குச் சொல்லி எழுத வைக்க முடியுமா என்று சோதியுங்கள். நடுவில் அடிக்கோடு, சிறுகோடு இரண்டும் வேண்டாம். பிறந்த ஆண்டைச் சேர்க்காதீர்கள். அது தேவையில்லாமல் எல்லோருக்கும் தெரிய வேண்டாம். ‘ஸ்வீட்’, ‘கிங்’, நடிகர் பெயர் எல்லாம் பதினெட்டு வயதில் இனிக்கும். வேலைக்கான விண்ணப்பத்தில் அதையே எழுத வேண்டியிருக்கும். உங்கள் பெயரும் அப்பா பெயரின் முதலெழுத்தும், தேவையானால் இரண்டு எண்களும் போதும்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் மின்னஞ்சல் முகவரியில் நடைமுறையில் இல்லை. ஜிமெயில் இடப்பக்கப் பெயரில் இருக்கும் புள்ளிகளையும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் எல்லா நிறுவனமும் அப்படி இல்லை. ஆகவே பதிவு செய்தபோது எப்படி எழுதினீர்களோ அப்படியே எழுதுங்கள். முகவரியில் எங்கேயும் இடைவெளி வராது. போனில் தானாக எழுதித் தரும் வசதி சில சமயம் கடைசியில் ஓர் இடைவெளியைச் சேர்த்துவிடும், படிவம் ஏற்காது. அப்போது இடைவெளியை நீக்கிப் பாருங்கள்.

9. உங்கள் முகவரியை நீங்களே உருவாக்குங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

பிரவுசிங் சென்டரில் அவசரத்துக்கு ஓர் ஐ.டி. போட்டுக் கொடுப்பார்கள். பாஸ்வேர்ட் அவர்கள் வைத்தது. மீட்புக்கான மொபைல் எண்ணும் கடையினுடையது. அப்போதைக்கு விண்ணப்பம் போய்விடும். அடுத்த மாதமோ அடுத்த ஆண்டோ ஹால் டிக்கெட் விவரமும் கலந்தாய்வுத் தேதியும் அந்த முகவரிக்கு வரும்போது உள்ளே போகத் தெரியாது. கடையும் மாறியிருக்கும். அப்படிக் கலந்தாய்வு நாளைத் தவறவிட்ட ஒரு பெண் எங்கள் நூலகத்துக்கு வந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். மதிப்பெண் இருந்தது, தகுதி இருந்தது. தன் பெயரில் இருந்த முகவரி தன் கையில் இல்லை, அவ்வளவுதான். கடைக்காரர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கேட்டதைச் செய்துகொடுத்தார். கேட்கத் தெரியாமல் நம் பிள்ளைகளை அனுப்புகிறோமே என்பதுதான் வருத்தம்.

பாஸ்வேர்டை நீங்களே நீளமாக வையுங்கள். நினைவில் நிற்காது என்றால் வீட்டில் ஒரு நோட்டில் எழுதி, பத்திரங்களோடு வையுங்கள். போனின் பின்னட்டையில் சீட்டு வைக்காதீர்கள். மீட்பு எண்ணாக உங்கள் எண்ணையே கொடுங்கள். எண்ணை மாற்றினால் அன்றைக்கே மின்னஞ்சலிலும் வங்கியிலும் மாற்றுங்கள். நிறுத்தப்பட்ட எண்ணை 90 நாள் காத்திருப்புக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுக்க இந்தியாவில் அனுமதி உண்டு. பழைய எண்ணுக்குப் போகும் ஓ.டி.பி. அப்போது அந்தப் புதியவரின் கையில் விழும்.

கணக்கை எப்போதாவது திறந்து பாருங்கள். இரண்டு ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை நீக்குவதாகக் கூகுள் 2023இல் அறிவித்து, அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து செய்தும் வருகிறது. 2013இல் யாஹூ, ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத பெயர்களை வேறு ஆட்களுக்குக் கொடுக்க முன்வந்தது. உங்கள் பெயர் உங்களுடையதாகவே இருக்க வேண்டுமென்றால் அதைப் பயன்பாட்டில் வைத்திருக்க வேண்டும்.

10. அனுப்பியவர் பெயரை நம்பாதீர்கள், முகவரியைப் பாருங்கள். மின்னஞ்சலில் அனுப்புநரின் பெயர் என்பது அவரே எழுதிக்கொள்வது. ‘வருமான வரித் துறை’ என்று யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். போனில் பெயர் மட்டும்தான் பெரிதாகத் தெரியும். அதைத் தொட்டால்தான் கீழே முகவரி விரியும். விரித்து, @ குறிக்கு வலப்பக்கத்தை நான் சொன்ன முறையில் படியுங்கள்.

முகவரியையே போலியாக எழுதவும் வழி இருந்தது. அஞ்சல் கடத்தும் முறையை 1982இல் ஜான் போஸ்டல் வகுத்தபோது வலையமைப்பில் இருந்தவர்கள் சிலரே, ஒருவரையொருவர் நம்பினார்கள். அனுப்புகிறவர் சொன்ன முகவரி உண்மையா என்று பார்க்க அதில் ஏற்பாடு இல்லை. பின்னால் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்று மூன்று சோதனைகளைச் சேர்த்தார்கள். பெரிய நிறுவனங்கள் இவற்றைப் பயன்படுத்துகின்றன, போலிகள் பெருமளவு ஸ்பேம் பெட்டியிலேயே நின்றுவிடுகின்றன. முழுவதும் நிற்பதில்லை. எனவே முகவரி சரியாக இருந்தாலும், உள்ளே அவசரப்படுத்தி ஓ.டி.பி.யோ பாஸ்வேர்டோ கேட்டால் கொடுக்காதீர்கள்.

11. பெறுநர் கட்டங்கள் மூன்று. ‘டு’ யாருக்கு எழுதுகிறீர்களோ அவருக்கு. ‘சி.சி.’ தகவலுக்காக. ‘பி.சி.சி.’யில் போட்டவர் பெயர் மற்றவர்களுக்குத் தெரியாது. கல்யாண அழைப்பு, சங்க அறிவிப்பு என்று பலருக்கு ஒரே அஞ்சல் அனுப்பும்போது எல்லோரையும் இந்தக் கடைசிக் கட்டத்தில் போடுங்கள். அடுத்தவர் முகவரியை அவர் சம்மதமின்றி நூறு பேருக்குக் காட்டுவது சரியல்ல.

12. பூட்டுச் சின்னத்தைக் கண்டு மயங்காதீர்கள். முகவரிக்கு முன்னால் தெரியும் பூட்டு, உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் போகும் தகவலை வேறு யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று மட்டுமே சொல்கிறது. அந்தத் தளம் நேர்மையானது என்று சொல்லவில்லை. மோசடித் தளங்களும் இலவசமாகவே பூட்டு வாங்கிக்கொள்கின்றன. மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதாலேயே 2023இல் குரோம் பிரவுசர் அந்தச் சின்னத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தது. தேடினால் முதலில் வரும் முடிவும் இப்படித்தான். அது காசு கொடுத்து வைத்த விளம்பரமாக இருக்கலாம். பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கென்று தேடி, முதலில் வந்த தனியார் தளத்தில் பணம் கட்டி ஏமாந்தவர்கள் ஏராளம்.

13. தமிழிலேயே முகவரி வைக்கலாம். ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்று மூன்று நாடுகளுக்கும் தமிழ் எழுத்தில் முடிவுச் சொற்கள் அங்கீகாரம் பெற்று இயங்குகின்றன. 1990களின் இறுதியில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீயும் உடன் இருந்தவர்களும் ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் முகவரி வைக்க முடியும் என்று சோதித்துக் காட்டிய முன்னோடிகள். தமிழ் முகவரியை வேறெங்காவது ஒட்டும்போது எக்ஸ், என், இரண்டு சிறுகோடுகள் என்று தொடங்கி ஒரு புரியாத ஆங்கில வரியாக மாறலாம். அது கெட்டுப்போனதல்ல, கணினிகளுக்காக அதே பெயரை எழுதும் முறை. இடப்பக்கமும் தமிழாக இருக்கும் மின்னஞ்சலுக்கு 2012 முதல் விதிமுறை உண்டு. ஆனால் நம் அரசுப் படிவங்கள் பலவும் இன்னும் அதை ஏற்பதில்லை. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு தாய் தன் மகனுக்கு இணையத்தில் எழுத வேண்டுமென்றால் இன்னொரு மொழியின் எழுத்தைக் கற்க வேண்டியிருப்பது நியாயமில்லை. இது மாற வேண்டும், கேட்டால்தான் மாறும். அதுவரை விண்ணப்பங்களுக்கு ஆங்கில எழுத்து முகவரி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

14. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். பணம் இன்னும் கைமாறாமல் இருந்தால் நிறுத்த வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. சைபர்கிரைம்.கவ்.இன் தளத்திலும் புகார் எழுதலாம். அதையும் வலமிருந்து படித்துப் பார்த்துவிட்டே உள்ளே போங்கள். புகாரில் “வங்கி சைட் மாதிரியே இருந்தது” என்று எழுதினால் காவல்துறையால் ஒன்றும் செய்ய முடியாது. அவர்களுக்குத் தேவை முகவரி: முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, புள்ளி, சிறுகோடு, சாய்கோடு எதுவும் விடாமல். பக்கத்தை மூடுவதற்கு முன் முகவரிப் பட்டை தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், முகவரியை நகலெடுத்து உங்களுக்கே ஓர் அஞ்சலில் அனுப்பி வையுங்கள். வந்த குறுஞ்செய்தியையும் மின்னஞ்சலையும் அழிக்க வேண்டாம்.